டெஸ்க்டொப் வாங்கும்போது முதலில் எதற்குக் காசு?

போன மாதம் ஒரு சனிக்கிழமை, அக்காவின் மகள் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு நேரே வெள்ளவத்தைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் மூன்று விலைப்பட்டியல்கள். மேசையில் விரித்து வைத்து, "மாமா, இதில எது நல்லம்?" என்று கேட்டாள்.

கணினி விஞ்ஞானம் படிக்கத் தொடங்கியிருக்கிறாள். ஃபோன் செயலி எழுதும் அண்ட்ரொய்ட் ஸ்டூடியோ, கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டராக ஓடும் வேர்ச்சுவல் மெஷின் ஒன்றிரண்டு, முப்பது டேப் திறந்த குரோம், இவைதான் அவளுக்கு வேலை. கேம் விளையாடவும் ஆசை, ஆனால் அதற்கு அவசரமில்லை. மொனிட்டர் வீட்டில் இருக்கிறது. மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்று லட்சம், அதற்கு மேல் கேட்கக் கூடாது என்று அக்கா சொல்லிவிட்டார்.

முதல் பட்டியல், வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்த டெல் ஒப்டிபிளெக்ஸ் பெட்டி. மூன்றிலும் இதுதான் மிக மலிவு. இரண்டாவது, ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி புரொசெசர், டிடிஆர்4 என்ற பழைய தலைமுறை ரேம். அதே காசுக்கு இன்டெல் ஐ5-12400 போடலாம் என்று ஓரத்தில் பேனையால் எழுதியிருந்தது. மூன்றாவது, ரைசன் 5 7600, புதிய தலைமுறை டிடிஆர்5 ரேம், பி650 மதர்போர்ட். விலை கூட.

புரொசெசரைப் பற்றித்தான் நான் கதைப்பேன் என்று அவள் எதிர்பார்த்தாள். எனக்கு முதலில் கண்ணில் பட்டது, இரண்டாம் மூன்றாம் பட்டியல்கள் இரண்டிலும் கடைசியில் ஒரே மாதிரி இருந்த ஒரு வரி: "கேசிங், 500 வொட் பவர் சப்ளையுடன்." யார் செய்தது, எத்தனை வருட வொரண்டி, எதுவும் இல்லை.

2018 நவம்பரில் ஒரு பின்னேரம் இதே வீட்டில் நடந்ததை அவளுக்குச் சொன்னேன். மழை பிடித்து, இடி தொடங்கி, லைட் ஒருமுறை மங்கி மீண்டது. மேசைக்குக் கீழே 'டப்' என்று ஒரு சத்தம். பிறகு மீன் கருகியது போல ஒரு நாற்றம். கழற்றிப் பார்த்தால் பவர் சப்ளைக்குள் இரண்டு கெப்பாசிட்டர்கள் தலை வீங்கி வெடித்திருந்தன. அது மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. மதர்போர்ட்டும் போனது, ஹார்ட் டிஸ்க்கும் போனது. அம்மாவின் அறுபதாம் பிறந்தநாள் படங்கள் அதில்தான் இருந்தன. அந்தப் பவர் சப்ளையும் கேசிங்கோடு சேர்ந்து வந்ததுதான்.

ஆகவே இந்த ஊரில் டெஸ்க்டொப் வாங்குகிறவருக்கு நான் சொல்வது ஒன்றுதான். பிறகு மாற்றக்கூடிய பாகத்தை இப்போது குறைத்து வாங்குங்கள். மாற்ற முடியாததையும், பழுதானால் மற்றவற்றையும் சேர்த்து எரித்துவிடக்கூடியதையும் குறைக்காதீர்கள். மூன்று பட்டியல்களையும் இந்தக் கண்ணால்தான் பார்த்தோம்.

நல்ல பவர் சப்ளையை எப்படிக் கண்டுபிடிப்பது? பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளை வாசிக்க வேண்டும். கம்ப்யூட்டருக்குள் புரொசெசரும் கிராபிக்ஸ் கார்டும் வேலை செய்வது 12 வோல்ட் மின்னில். லேபிளில் 12 வோல்ட்டுக்குக் கீழே எத்தனை அம்பியர் என்று போட்டிருக்கும். இரண்டையும் பெருக்குங்கள். 45 அம்பியர் என்றால் 540 வொட். 550 வொட் என்று விற்கப்படும் பெட்டிக்கு அது நியாயமான கணக்கு. அட்டைப் பெட்டியில் 500 வொட் என்று பெரிதாக அடித்துவிட்டு லேபிளில் 18 அம்பியர் என்று இருந்தால், உண்மையில் கிடைப்பது 216 வொட். மிச்சம் அட்டையில் மட்டும்தான் இருக்கிறது. பின்பக்கம் 115, 230 என்று மாற்றுகிற சின்னச் சிவப்புச் சுவிட்ச் இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது பழைய, மலிவான வடிவமைப்பு. நமது 230 வோல்ட்டில் யாராவது தெரியாமல் 115க்குத் தள்ளிவிட்டுச் சுவிட்சைப் போட்டால் அந்தக் கணமே வெடிக்கும்.

80 பிளஸ் முத்திரையை மட்டும் நம்பவும் வேண்டாம். புரொன்ஸ், கோல்ட் என்பதெல்லாம் எவ்வளவு மின் வெப்பமாக வீணாகிறது என்பதைச் சொல்பவை, பாதுகாப்பைச் சொல்பவை அல்ல. தெரிந்த தயாரிப்பாளர், ஐந்து வருட வொரண்டி, லேபிளில் சரியான கணக்கு, இந்த மூன்றும் இருந்தால் புரொன்ஸ் தாராளமாகப் போதும்.

இன்னொன்று, வீட்டில் பிளக் பேஸுக்கு எர்த் இருக்கிறதா என்று பாருங்கள். கேசிங்கின் பெயின்ட் இல்லாத இடத்தையோ பின்பக்க ஸ்க்ரூவையோ தொடும்போது விரலில் சுர்ரென்று இருந்தால் பெரும்பாலும் எர்த் இல்லை என்றுதான் அர்த்தம். பவர் சப்ளையின் வடிகட்டிக்குள் இருக்கும் சின்னக் கெப்பாசிட்டர்கள் எர்த் வழியாக இறக்க வேண்டிய கசிவுதான் அது. கொழும்பில் பழைய தொடர்மாடிகளில் இதை நிறையக் கண்டிருக்கிறேன். கம்ப்யூட்டர் வாங்குவதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய விஷயம் இது.

சரி, இனிப் பெட்டிகளுக்கு வருவோம்.

பாவித்த ஒப்டிபிளெக்ஸைத் தள்ளுபடி செய்ய எனக்கு மனமில்லை. அப்பா கணக்குப் பார்க்க, தம்பி ஓ/எல் படிக்க, சூம் வகுப்புக்கு என்றால் இதைத்தான் வாங்கச் சொல்வேன். உறுதியான பெட்டிகள், பவர் சப்ளையும் நல்லது. ஆனால் எந்தத் தலைமுறை புரொசெசர் என்று கேட்காமல் காசு கொடுக்கக் கூடாது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ மைக்ரோசொஃப்ட் முறையாக ஏற்றுக்கொள்வது, இன்டெல்லில் சுமாராக எட்டாம் தலைமுறையில் இருந்துதான். அவள் கொண்டுவந்த பட்டியலில் இருந்தது ஐ7-6700. பெயரில் ஐ7 என்று இருப்பதால் பெரிதாகத் தெரியும், ஆனால் அது 2015இல் வந்த ஆறாம் தலைமுறை. அதைவிட ஐ5-8500 எவ்வளவோ மேல். ஆறு கோர், அதாவது ஒரே நேரத்தில் வேலை செய்யும் ஆறு மூளைகள், விண்டோஸ் 11உம் ஏற்கும்.

அப்படி ஐ5-8500 கிடைத்தாலும் இவளுக்கு அது சரிவராது. இந்தப் பெட்டிகளின் பவர் சப்ளையும் மதர்போர்ட்டும் அந்தக் கம்பனிக்கே உரிய வடிவத்தில் இருக்கும். நாளைக்குக் கிராபிக்ஸ் கார்ட் போட வேண்டுமென்றால் பவர் சப்ளை போதாது. அதை மாற்றப் போனால் பிளக் பொருந்தாது, ஒல்லியான பெட்டி என்றால் கார்டே உள்ளே நிற்காது. நாலு வருடப் படிப்பைத் தொடங்குகிறவளை, முதல் நாளே மாற்ற வழியில்லாத பெட்டிக்குள் அடைக்க நான் விரும்பவில்லை.

இரண்டாவது பட்டியலில்தான் நிறைய நேரம் நின்றோம். 5600ஜியும் 12400உம் இரண்டுமே ஆறு கோர், பன்னிரண்டு திரெட். இரண்டிலும் உள்ளேயே கிராபிக்ஸ் உண்டு, கார்ட் இல்லாமல் திரை எரியும். தனிக் கார்ட் போடாமலே சின்னக் கேம் விளையாட 5600ஜி தெளிவாக மேல். கோட் கம்பைல் செய்வது போன்ற வேலைகளில் 12400 சற்று முன்னால் நிற்கும். பிறகு கார்ட் போடும் எண்ணம் இருந்தால் 12400தான், ஏனென்றால் கார்டையும் புரொசெசரையும் இணைக்கும் பாதையான பிசிஐ எக்ஸ்பிரஸில் 5600ஜி பழைய 3.0ஓடு நின்றுவிடுகிறது. இப்போது வரும் நடுத்தரக் கார்ட்கள் பல அந்தப் பாதையின் பதினாறு லேனில், அதாவது தடங்களில், எட்டில் மட்டும் ஓடுபவை. அவற்றைப் பழைய 3.0 பாதையில் போட்டால், குறிப்பாகக் கார்டின் 8 ஜிபி நினைவகம் நிரம்பும் நேரத்தில், இழுத்து இழுத்து ஓடும்.

பெயருக்குப் பின்னால் வரும் எழுத்தையும் இங்கே கவனிக்க வேண்டும். 12400எஃப் சற்று மலிவு, காரணம் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. ஜி இல்லாத வெறும் 5600உம் அப்படித்தான். மிச்சம் பிடிக்கலாம் என்று அதை வாங்கிவிட்டு, வீட்டில் கொண்டுவந்து பூட்டி, ஃபேன் சுற்றுகிறதே, திரை ஏன் கறுப்பாக நிற்கிறது என்று எனக்குக் கோல் எடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் இந்த இரண்டு வழிகளும் முடிந்த பாதைகள். மதர்போர்ட்டில் புரொசெசர் உட்காரும் இடம்தான் சொக்கெட். இன்டெல்லின் எல்ஜிஏ 1700 சொக்கெட் 12, 13, 14 ஆகிய தலைமுறைகளைத் தாங்கியது, அடுத்தது வேறு சொக்கெட்டுக்குப் போய்விட்டது. அதே போர்ட்டில் பிறகு பாவித்த 13ஆம், 14ஆம் தலைமுறை ஐ7 ஒன்றைப் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். அந்தத் தலைமுறைகளின் வலுவான புரொசெசர்கள் சில, அளவுக்கு மேல் வோல்ட் ஏறிக் காலப்போக்கில் நிலைகுலைந்தன. 2024இல் இன்டெல்லே அதை ஏற்றுக்கொண்டு திருத்தம் வெளியிட்டு, வொரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. திருத்தம் வருவதற்கு முன் எவர் கையில் எப்படி ஓடியது என்று தெரியாத ஒன்றைப் பாவித்ததாக வாங்க நான் சொல்லமாட்டேன். 12400க்கு இந்தப் பிரச்சினை இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது பட்டியலின் பலம் இங்கேதான். ஏஎம்டியின் முந்தைய சொக்கெட்டான ஏஎம்4ஐ எடுத்துக்கொள்ளுங்கள், 5600ஜி உட்காருவதும் அதில்தான். 2017இல் முதலாம் தலைமுறை ரைசனோடு பி350 போர்ட் வாங்கியவர், 2022இல் வந்த 5800எக்ஸ்3டியை அதே போர்ட்டில், பயோஸ் என்ற அடிப்படை மென்பொருளை மட்டும் புதுப்பித்துப் போட முடிந்தது. ஐந்து வருடம், ஒரே போர்ட். டொலர் 2022 மார்ச்சில் 200 ரூபாயில் இருந்து ஏறத் தொடங்கி இரண்டு மாதத்துக்குள் 350ஐத் தாண்டிய நாட்டில், முழுப் பெட்டியையும் மாற்றாமல் ஒரு பாகத்தை மட்டும் மாற்ற முடிவது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அந்த வருடத்தைக் கண்டவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 7600 உட்காரும் ஏஎம்5 சொக்கெட் 2022 செப்டெம்பரில் வந்தது. 2027 வரையும் அதற்குப் பிறகும் ஆதரவு தருவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இவள் படிப்பு முடிக்கும்போது இதே போர்ட்டில் இன்னும் வலுவான ஒரு புரொசெசர் உட்காரலாம்.

ஏஎம்5இலும் இவளுக்கு ஒரு தெரிவு இருந்தது: 7600ஆ, 8600ஜியா? தனிக் கார்ட் ஒருநாளும் வாங்கமாட்டேன் என்பவருக்கு 8600ஜி. அதன் உள் கிராபிக்ஸ் உண்மையிலேயே கேம் ஓட்டும். ஆனால் அதில் புரொசெசருக்குள்ளேயே இருக்கும் வேகமான கேஷ் நினைவகம் பாதி, 32 எம்பிக்குப் பதில் 16 எம்பி. கார்டுக்குப் போகும் பாதையும் எட்டு லேன்தான். 7600இன் உள் கிராபிக்ஸ் திரை காட்டவும் வீடியோ பார்க்கவும் மட்டும். கார்ட் பிறகு வரும் என்று இருப்பவருக்கு 7600தான் சரி. இவள் இரண்டாம் வருடம் கார்ட் வாங்குவேன் என்கிறாள்.

பெயரின் கடைசியில் எக்ஸ் உள்ள 7600எக்ஸ் வேண்டாமா என்று கடையில் கேட்டார்களாம். வேண்டாம். அது 105 வொட் ரகம், 95 பாகை வரை ஏற விட்டே வேகம் எடுக்கும். கூலரும் தனியாக வாங்க வேண்டும். வெறும் 7600 என்றால் 65 வொட், பெட்டிக்குள்ளேயே கூலர் வருகிறது. ஏசி இல்லாத கொழும்பு அறையில் ஏப்ரல் பகலில் 32 பாகைக் காற்றைத்தான் ஃபேன் உள்ளே இழுக்கிறது. கிடைக்கும் வேக வித்தியாசத்துக்கு அந்த வெக்கையும் சத்தமும் தகாது.

மூன்றாவது பட்டியலின் பலவீனம் ரேம். டிடிஆர்4 ஸ்டிக் எதுவும் இதில் பொருந்தாது, டிடிஆர்5 மட்டும்தான். 2025 கடைசியில் இருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போகின்றன. குருஷல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு ரேம் விற்ற மைக்ரோன், அந்த வியாபாரத்தையே விடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. டிடிஆர்4உம் மலிவாக நிற்கவில்லை, அதன் உற்பத்தியும் குறைகிறது. ஆகவே ரேமுக்காகப் பழைய பாதைக்குத் திரும்பினால் முன்பு போல மிச்சம் வராது.

இவளுடைய வேலைக்கு 32 ஜிபி வேண்டும். கம்ப்யூட்டரில் ஃபோன் போல ஓடும் அண்ட்ரொய்ட் எமுலேட்டரும் ஒரு வேர்ச்சுவல் மெஷினும் ஒன்றாக ஓடினால் 16 ஜிபி மூச்சு முட்டும். ஆனால் ரேம் பிறகு சேர்க்கக்கூடிய பாகம். இரண்டு 8 ஜிபி ஸ்டிக் போட்டுத் தரலாம் என்று பட்டியலில் இருந்ததை மட்டும் மாற்றச் சொன்னேன். ஏஎம்5இல் நாலு ஸ்டிக் போட்டால் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும், இரண்டோடு நிற்பதுதான் நல்லது. இரண்டு இடத்தையும் 8 ஜிபியால் அடைத்துவிட்டால் நாளைக்கு இரண்டையும் கழற்றி எறிய வேண்டும். ஒரே ஒரு 16 ஜிபி ஸ்டிக் இப்போது, அதே மொடல் இன்னொன்று ஆறு மாதத்தில். ஒற்றை ஸ்டிக்கில் கொஞ்சம் வேகம் குறையும், அது உண்மை. தனிக் கார்ட் இல்லாமல் கேம் ஓட்டுகிறவருக்கு அது உறைக்கும், இவளுடைய வேலையில் பொறுத்துக்கொள்ளலாம்.

கோப்புகளைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டி பற்றிப் பெரிதாக யோசிக்க எதுவும் இல்லை. என்விஎம்இ என்ற வேகமான ரகத்தில் 1 டிபி. செக்கனுக்கு 3500 எம்பியா 7000 எம்பியா என்பது கோப்புகளை அள்ளி மாற்றும்போது மட்டும் தெரியும். கேசிங்கும் அப்படித்தான்: முன்பக்கம் கண்ணாடியால் அடைத்தது வேண்டாம், வலை போட்டது வேண்டும். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் வருடத்தில் இரண்டு முறையாவது திறந்து தூசு தட்ட வேண்டும். காலி வீதிக்கும் ரயில் பாதைக்கும் இடையில் உள்ள ஒழுங்கைகளில், உப்புக் காற்றில் ஸ்க்ரூத் தலைகூடத் துருப்பிடிக்கும்.

கரண்ட் போனதும் பற்றரியில் கொஞ்ச நேரம் ஓட்டும் யூபிஎஸ் பட்டியல் எதிலும் இல்லை. மூன்று லட்சத்துக்குள் அதையும் அடக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோம். அந்தக் காலம் போய்விட்டது, ஆனால் 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பகலில் நாடு முழுவதும் ஒரேயடியாகக் கரண்ட் போனது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். யூபிஎஸ் வேலை செய்து முடிக்க அவகாசம் தராது. சேமித்துவிட்டு ஒழுங்காக அணைக்கப் பத்து நிமிடம் தரும், அது போதும். 650 விஏ என்று விற்பவை பெரும்பாலும் 360, 390 வொட் அளவுதான் தாங்கும். கார்ட் இல்லாத இந்தப் பெட்டிக்கு அது போதும். ஆனால் நாளைக்கு ஆர்டிஎக்ஸ் 5060 போட்டால் அது மட்டும் 145 வொட் இழுக்கும். புரொசெசர், மொனிட்டர் எல்லாம் சேர்ந்தால் 650 விஏ முக்கும். அதனால் 1000 விஏ. வாங்கி ஒரு வாரத்துக்குள், சேமிக்காத வேலை எதுவும் திறந்திராத நேரம் பார்த்து, சுவரில் உள்ள பிளக் பேஸை ஒருமுறை அணைத்துப் பார்க்க வேண்டும். மலிவான யூபிஎஸ்கள் தரும் கரடுமுரடான மின்அலையில் சில நல்ல பவர் சப்ளைகள் அப்படியே அணைந்துவிடும். மாற்றுவதென்றால் பில் சூடாக இருக்கும்போதே மாற்ற வேண்டும்.

அக்காவுக்கு இன்னொரு யோசனையும் இருந்தது. "சித்தப்பா லண்டனில இருந்து ஓகஸ்ட்டில வாறார்தானே, அங்க வாங்கிக் கொண்டு வரச் சொன்னால் என்ன?" நம் வீடுகளில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. புரொசெசரும் ரேமும் எஸ்எஸ்டியும் பாரமில்லாதவை, பழுதாவதும் குறைவு. விலை உண்மையாகவே குறைவென்றால் அவற்றைச் சொல்லலாம். மதர்போர்ட், பவர் சப்ளை, யூபிஎஸ் ஆகியவற்றை இங்கேதான் வாங்க வேண்டும். பழுதாகக்கூடியவை அவைதான். பழுதானால் பஸ்ஸில் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வரக்கூடிய வொரண்டி வேண்டும். லண்டன் வொரண்டிக்கு பொருளை லண்டனுக்குத்தான் அனுப்ப வேண்டும். ஓகஸ்ட் வரை காத்திருக்கவும் இவளால் முடியாது, வகுப்பு தொடங்கிவிட்டது.

கடைசியில் மூன்றாவது பட்டியலையே எடுத்து, அதில் நாலு வரியை மாற்றினோம். இரண்டு 8 ஜிபிக்குப் பதில் ஒரு 16 ஜிபி. கண்ணாடிக் கேசிங்குக்குப் பதில் வலைக் கேசிங், பவர் சப்ளை இல்லாமல். பவர் சப்ளை தனியாக 650 வொட் புரொன்ஸ், லேபிளைக் கடையிலேயே பிரித்து அம்பியரைப் பெருக்கிப் பார்த்துவிட்டு. 1000 விஏ யூபிஎஸ் புதிதாக. கலர் லைட் எரியும் கூலரையும் கீபோர்ட்டையும் எடுத்துவிட்டோம், வீட்டில் இருக்கும் பழைய கீபோர்ட் போதும். மூன்று லட்சத்துக்குள் அடங்கியது.

கடைத் தம்பி பூட்டும்போது, பவர் சப்ளையில் இருந்து வரும் எட்டு பின் வயரைப் பின்னால் சுருட்டி ஒளிக்காமல், கார்ட் வரும் இடத்துக்குப் பக்கத்தில் கட்டிவிடச் சொன்னாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளே சொன்னாள். பில்லில் ஒவ்வொரு பொருளுக்கும் நேரே சீரியல் இலக்கமும் வொரண்டி வருடமும் எழுதி வாங்கிக்கொண்டு, ஒரு த்ரீவீல் பிடித்து வந்தோம்.